8 மே 1977: நல்ல கச்சேரியா, நல்ல டேப்பா?

கிரேட்ஃபுல் டெட்ங்கற அமெரிக்க ராக் பேண்டோட ரசிகர் யாரையாவது புடிச்சு "எந்த ஷோ பெஸ்ட்?"னு கேட்டுப் பாருங்க, ஆல்பம் பேரு சொல்ல மாட்டாங்க, தேதி சொல்லுவாங்க. அதுலயும் முக்காவாசிப் பேர் வாயில முதல்ல வர்றது "5/8/77". அமெரிக்காக்காரன் மாசத்த முன்னாடி போடுவான், அதனால இது ஆகஸ்ட் இல்ல, மே 8. நியூயார்க் மாநிலத்துல இத்தாகான்னு ஒரு ஊரு, அங்க கார்னெல் யுனிவர்சிட்டி, அதுக்குள்ள பார்டன் ஹால்னு கொட்டகை மாதிரி பெரிய உள்விளையாட்டு அரங்கம். ஞாயித்துக்கிழமை, அன்னையர் தினம், மே மாசத்துல வெளிய பனி வேற விழுந்திருக்கு. அன்னிக்கு ராத்திரி வாசிச்சதத்தான் இந்த பேண்டோட உச்சம்னு நாப்பது வருஷமா சொல்லிட்டு இருக்காங்க. 2011 பட்டியல்ல அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே இந்த ஒலிப்பதிவப் பாதுகாக்க வேண்டியதுன்னு சேத்துக்கிச்சு.

என் கருத்த முதல்லயே போட்டு உடைச்சிடுறேன், திட்டணும்னு நினைக்கிறவங்க இங்கயே ஆரம்பிச்சுக்கலாம். அது அருமையான கச்சேரிதான், மறுப்பே இல்ல. ஆனா அது முதல் நாற்காலில உக்காந்திருக்கறதுக்கு பாதி காரணம் வாசிப்புன்னா மீதி பாதி அதப் பதிஞ்ச டேப்பு. மறுநாள் பஃபலோங்கற ஊர்ல வாசிச்சது அதுக்கு ஒரு படி மேலன்னு நான் சொல்லுவேன். நான் ஒண்ணும் நேர்ல பாத்தவன் கிடையாது, பேண்டோட லீட் கிட்டார் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9 அன்னிக்குப் போயிட்டார், அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு ஹெட்போன்ல கேக்க ஆரம்பிச்ச ஆளு நான். ஆனா பாருங்க, கார்னெல் பத்திப் பேசுற பெரும்பாலானவங்களும் என்ன மாதிரிதான், டேப்பக் கேட்டுட்டுப் பேசுறவங்க. இந்த விஷயமே அதுலதான் இருக்கு.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் முன்கதை. 1965ல சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல ஆரம்பிச்ச பேண்ட். ஜெர்ரி கார்சியா லீட் கிட்டார், பாப் வெயர் ரிதம் கிட்டார், ஃபில் லெஷ் பேஸ், பில் க்ரூட்ஸ்மான் டிரம்ஸ், பிக்பென்னு கூப்பிடுற ரான் மெக்கெர்னன் ஆர்கன், 1967ல ரெண்டாவது டிரம்மரா மிக்கி ஹார்ட். முப்பது வருஷத்துல கிட்டத்தட்ட 2,300 கச்சேரி. ஸ்டுடியோ ஆல்பம்லாம் இருக்கு, ஆனா அத வெச்சு இவங்கள எடை போட்டா ஏமாந்து போயிடுவீங்க. ஒரு உதாரணம் போதும்: 'டார்க் ஸ்டார்'னு ஒரு பாட்டு, 1968ல சிங்கிளா வந்தப்ப 3 நிமிஷம்கூட இல்ல, யாரும் சீண்டல. அடுத்த வருஷம் வந்த லைவ் ஆல்பத்துல அதே பாட்டு 23 நிமிஷம், அதுல வார்த்தை வர்றது ரெண்டே சரணம், மீதியெல்லாம் அஞ்சாறு பேரு ஒருத்தர ஒருத்தர் காது குடுத்துக் கேட்டுக்கிட்டே எங்கயோ போயிட்டுத் திரும்பி வர்றது.

அடுத்து என்ன பாட்டுன்னு எழுதி வெச்சுக்கிட்டு மேடை ஏற மாட்டாங்க. முதல் பாதி தனித்தனிப் பாட்டா போகும், ரெண்டாவது பாதி ஒரு பாட்டு முடியாமலே அடுத்ததுக்குள்ள நழுவும், ரசிகர்கள் லிஸ்ட் எழுதுறப்ப நடுவுல ஒரு அம்புக்குறி போடுவாங்க. நம்ம ஊர்ல டிசம்பர் சீசன்ல நோட்டும் பேனாவுமா உக்காந்து ராகம் என்ன, எத்தன ஆவர்த்தனம்னு குறிச்சுக்கிற மாமாக்கள் இருக்காங்கல்ல, அதே ஜாதிதான் இவங்களும், டை அடிச்ச டி-ஷர்ட் மட்டும்தான் வித்தியாசம். ஒரே பாட்டு திங்கக்கிழமை ஒரு மாதிரி, புதன்கிழமை வேற மாதிரி, அதனால ஊர் ஊரா பின்னாடியே போறவங்க ஒரு கூட்டம், போக முடியாதவங்களுக்கு டேப்.

டேப் கதை பேண்டுக்குள்ளயே ஆரம்பிச்சுது. அவங்களோட ஆரம்பகால சவுண்ட் ஆளு ஆவ்ஸ்லி ஸ்டான்லி, செல்லப்பேரு 'பேர்', கரடின்னு அர்த்தம். எல்எஸ்டிங்கற போதை மருந்து காய்ச்சுறதுல உலகப்புகழ் ஆனவர், ஆனா சவுண்ட் விஷயத்துல வெறியர். அன்னன்னிக்கு மிக்ஸிங்ல என்ன தப்பு பண்ணோம்னு தெரிஞ்சுக்கறதுக்காகவே ஒவ்வொரு கச்சேரியையும் பதிவு பண்ணி வெச்சார், பேண்டும் கச்சேரி முடிஞ்சு அதப் போட்டுக் கேக்கும். அந்தப் பக்கம் ரசிகர்கள் மைக்க ஒளிச்சு வெச்சு உள்ள கொண்டு வந்தாங்க. மத்த பேண்டெல்லாம் அடிச்சுத் துரத்துன காலத்துல இவங்க பெருசா கண்டுக்கல, நாங்க வாசிச்சாச்சு, இனி அது அவங்களோடதுங்கற ரீதியிலதான் கார்சியா பேசியிருக்கார். 1984 அக்டோபர்ல இன்னும் ஒரு படி போயி டேப் பண்றவங்களுக்குன்னே தனி டிக்கெட், மிக்ஸிங் மேசைக்குப் பின்னாடி தனி இடம். பெருந்தன்மைன்னு மட்டும் சொல்லிட முடியாது, மைக் ஸ்டாண்டெல்லாம் மேசைக்கு முன்னாடி காடு மாதிரி நின்னு சவுண்ட் பாக்குற டான் ஹீலிக்கு மேடையே தெரியலங்கற கடுப்பும் அதுல உண்டு.

டேப் மாத்திக்கறதுல காசு கிடையாது, காசு கேட்டா கூட்டத்துல ஒதுக்கிடுவாங்க. உங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னா வெறும் கேசட்டும் திருப்பி அனுப்ப ஸ்டாம்பும் வெச்சு தபால்ல அனுப்பணும், யாராவது புண்ணியவான் பதிஞ்சு அனுப்புவான். கேசட்டுல இருந்து கேசட்டுக்கு ஏத்த ஏத்த இரைச்சல் கூடிக்கிட்டே வரும், அதனால "இது எத்தனாவது தலைமுறை?"ங்கறதுதான் முதல் கேள்வி. 90 நிமிஷ கேசட், பக்கத்துக்கு 45, ரெண்டாவது பாதியோ ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும், அப்ப எங்கயாவது கேசட்டத் திருப்பித்தானே ஆகணும். நல்ல டேப்பர் டிரம்ஸ் மட்டும் தனியா ஓடுறப்ப திருப்புவான். அனுபவம் பத்தாதவன் 'மார்னிங் டியூ'ங்கற பாட்டு உச்சத்துக்கு ஏறுற நேரத்துல திருப்புவான், டக்னு ஒரு சத்தம், அஞ்சாறு செகண்ட் காணோம், திரும்ப வர்றப்ப மலை இறங்கிட்டு இருப்பாங்க. அப்படி ஒரு டேப்பக் கேட்டுட்டு அந்தக் கச்சேரிய யாராவது உயர்வா பேசுவாங்களா?

இந்த இடத்துலதான் பெட்டி கேன்டர்-ஜாக்சன் வர்றாங்க. பேண்டோட ரெக்கார்டிங் இன்ஜினியர், அந்தக் காலத்துல அந்த வேலைல பொம்பளைங்கள விரல் விட்டு எண்ணிடலாம். சவுண்ட்போர்டு டேப்புன்னா பொதுவா ஹால் ஸ்பீக்கருக்குப் போற மிக்ஸ அப்படியே எடுத்துப் பதியறது, அதுல ஒரு குறை என்னன்னா சின்ன ஹால்ல கிட்டார் ஆம்ப் சத்தமே போதும்னு மேசைல கிட்டாரக் குறைச்சு வெச்சிருப்பாங்க, டேப்புல குரல் மட்டும் மூஞ்சிக்கு முன்னாடி நிக்கும், கிட்டார் பக்கத்து வீட்டுல கேக்கும். பெட்டி அந்த மாதிரி பண்ணல, டேப்புக்குன்னே தனியா ஒரு மிக்ஸ் போட்டு நல்ல ரீல் மெஷின்ல பதிஞ்சாங்க. கார்சியா ஒரு பக்கம், வெயர் ஒரு பக்கம், நடுவுல பேஸ், பியானோ தெளிவா, கூட்டம் ஒரு ஓரத்துல. 1977 வசந்தகால டூர் முழுக்க அவங்க கைவரிசை இருக்கு.

பின்னாடி அவங்களுக்குப் பணக்கஷ்டம், ரீலெல்லாம் ஒரு வாடகை லாக்கர்ல கிடந்துச்சு, வாடகை கட்ட முடியல, 1986ல லாக்கர்க்காரங்க ஏலம் விட்டுட்டாங்க. வாங்குனவங்கள்ல சிலருக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. கொஞ்சம் ரீல் தெரிஞ்ச ஆளுங்க கைக்குப் போயி, டிஜிட்டலா மாத்தி, 80கள் கடைசில ரசிகர்கள் நடுவுல பரவ ஆரம்பிச்சுது. அதுல ஒண்ணுதான் கார்னெல். யோசிச்சுப் பாருங்க, அதுவரைக்கும் இரைச்சல்ல காதத் தீட்டிக்கிட்டுக் கேட்டுட்டு இருந்த சனத்துக்கு திடீர்னு ஸ்டுடியோ தரத்துல ஒரு முழுக் கச்சேரி கிடைக்குது, ஒரு பிரதியா ரெண்டு பிரதியா, ஆயிரக்கணக்குல. புதுசா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் பழைய ஆளு முதல்ல குடுக்கற டேப் அதுவாயிடுச்சு. முதல்ல கேட்டது மனசுல ஒட்டிக்கும், அது இயல்பு. பேண்டுகிட்டயே அந்த ஒரிஜினல் ரீல் இல்ல, கடைசியில திரும்பக் கைக்கு வந்துதான் 2017ல அதிகாரப்பூர்வமா வெளியிட முடிஞ்சுது, சரியா 40 வருஷம் கழிச்சு.

சரி, வாசிப்பு எப்படி? 1977ல இந்த பேண்ட் இறுக்கமா இருந்ததுக்கு ஒரு காரணம் உண்டு. அந்த வருஷ ஆரம்பத்துல கீத் ஓல்சன்னு ஒரு தயாரிப்பாளர்கிட்ட ஆல்பம் பண்ணாங்க, அவர் இவங்கள உக்கார வெச்சு திரும்பத் திரும்ப வாசிக்க வெச்சு பெண்டு எடுத்துட்டார். டிரம்மர் ரெண்டு பேரும் யார் எத வாசிக்கணும்னு பிரிச்சுக்கிட்டாங்க. அந்தப் பயிற்சியோட நேரா ரோட்டுக்கு வந்ததால ஏப்ரல், மே கச்சேரி எதக் கேட்டாலும் ஒரு கட்டுக்கோப்பு இருக்கும்.

கார்னெல்ல ரெண்டாவது பாதி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முன்வரிசைல நசுங்குறாங்கன்னு வெயர் கூட்டத்தப் பாத்து எல்லாரும் ஒரு அடி பின்னாடி போங்கன்னு விளையாட்டு மாதிரி சொல்றது டேப்புலயே இருக்கு. அப்புறம் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்', அங்க இருந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்'. இந்த ரெண்டையும் சேத்து வாசிக்க ஆரம்பிச்சே அப்ப ரெண்டு மாசம்கூட ஆகல, மார்ச்லதான் முதல் தடவ. மொத்தம் 25 நிமிஷம் போல. பாட்டு முடிஞ்சு பேண்டோட பாடகி டோனா காட்ஷாவோட ஆலாபனை மாதிரி ஒரு இழுவை கரையும், கிட்டார் ரெண்டும் சும்மா பேசிக்கிட்டே இருக்கும், அப்ப லெஷ்ஷோட பேஸ் அடியில போயி அந்த ரெண்டே கார்டு (சேந்து ஒலிக்கிற ஸ்வரக்கூட்டு) சுழற்சிய எடுத்து வெக்கும். ஃபயர்ல மொத்தமே ரெண்டு கார்டுதான். டிரம்ஸ் அத உடனே புடிச்சுக்காது, கொஞ்ச நேரம் பழைய பாட்டுலயும் ஒரு கால் புதுசுலயும் ஒரு காலா நிப்பாங்க, எந்த செகண்ட்ல மாறுச்சுன்னு விரல் வெச்சுக் காட்டச் சொன்னா என்னால முடியாது, நானும் எத்தனையோ தடவ முயற்சி பண்ணிட்டேன். அப்புறம் கார்சியா கிட்டார் ஃபில்டர் வழியா வாயத் தொறந்து மூடுற மாதிரி "வாவ் வாவ்"னு உள்ள நுழையுறப்ப சிரிப்பு வரும், சந்தோஷத்துல. இத யாராலயும் குறை சொல்ல முடியாது. கடைசியில வர்ற 'மார்னிங் டியூ'வும் அப்படித்தான், அணுகுண்டுக்கு அப்புறம் மிச்சம் இருக்குற ரெண்டு பேர் பேசிக்கிற பாட்டு, முடிவுல கார்சியா தனி நோட்ட விட்டுட்டு முழு கார்ட அடிக்க ஆரம்பிச்சு, வேகம் ஏறி ஏறி, கை தெரியாத அளவுக்கு அடிக்கிறார்னு கண்ண மூடிக் கேட்டாலே தெரியும்.

ஆனா முதல் பாதி? நல்லா இருக்கு, அவ்வளவுதான். டிஸ்கோவா மாத்துன 'டான்சிங் இன் தி ஸ்ட்ரீட்' எனக்குப் புடிக்கும், பல பேரு மூஞ்சி சுளிப்பாங்க. மத்ததெல்லாம் அந்த மாசத்துல எந்த ஊர்லயும் கிடைக்கற தரம். கடைசியா 'ஒன் மோர் சாட்டர்டே நைட்', ஞாயித்துக்கிழமை ராத்திரி சனிக்கிழமைப் பாட்டு, அது இவங்க குசும்பு.

இப்ப பஃபலோ, மே 9. முதல் பாட்டே 'ஹெல்ப் ஆன் தி வே', 'ஸ்லிப்நாட்', 'ஃப்ராங்க்ளின்ஸ் டவர்'னு மூணு சேந்த கோர்வை. அதுல ஸ்லிப்நாட் முடிச்சு முடிச்சா போட்ட கணக்கு, கொஞ்சம் அசந்தாலும் சிக்கிக்கும், உடம்பு சூடாகறதுக்கு முன்னாடியே அதுல இறங்குறாங்க, ஒரு இடத்துலயும் இடறல. முதல் பாதிய 'தி மியூசிக் நெவர் ஸ்டாப்டு' வெச்சு முடிக்கிற விதத்துல கூரை எகிறுது. ரெண்டாவது பாதில 'கம்ஸ் எ டைம்', கார்சியா பாடுறது கம்மி, பாடி முடிச்சு கிட்டார்ல அதே சோகத்தத் திருப்பிச் சொல்றதுதான் பாட்டு. கார்னெல்ல உச்சம் ரெண்டு, பஃபலோல பள்ளமே இல்ல. இத ஒத்துக்காதவங்க நிறைய பேர் இருக்காங்க, இருக்கட்டும்.

டேப்பு தீர்ப்பு சொல்றதுக்கு எதிர் உதாரணமும் இருக்கு. 1974ல 'வால் ஆஃப் சவுண்ட்'னு ஒண்ணு கட்டுனாங்க. பேண்டுக்குப் பின்னாடி சுவர் மாதிரி நூத்துக்கணக்கான ஸ்பீக்கர், எடை 75 டன் பக்கம், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி அடுக்கு, லெஷ்ஷோட பேஸ்ல ஒவ்வொரு தந்திக்கும் தனி ஸ்பீக்கர்கூட உண்டு. ஸ்பீக்கர் பின்னாடி இருந்தா மைக்குக்குள்ள சத்தம் புகுந்து ஊளையிடுமே, அதுக்கு ஆளுக்கு ரெண்டு மைக்க ஒண்ணுக்கு மேல ஒண்ணா வெச்சு, ஒண்ணோட அலை இன்னொண்ணுக்கு நேரெதிரா வர்ற மாதிரி இணைச்சாங்க. தூரத்துச் சத்தம் ரெண்டுலயும் ஒரே அளவுல விழுந்து ஒண்ண ஒண்ணு அடிச்சிடும், பாடுறவர் மேல் மைக்ல மட்டும் வாய வெச்சுப் பாடணும். ஹால்ல நின்னவங்க அந்த சவுண்ட் மாதிரி வாழ்க்கைல கேட்டதில்லன்னு சொல்றாங்க. ஆனா டேப்புல? அந்த ரெட்டை மைக்கால குரல் தகர டப்பால பாடுற மாதிரி மெலிஞ்சு போயிருக்கும். எனக்கு இந்த பேண்ட் ஒரே டிரம்மரோட இருந்த 1972, 73, 74தான் உயிர், மிக்கி ஹார்ட் இல்லாத காலம், க்ரூட்ஸ்மான் தனியா ஜாஸ் டிரம்மர் மாதிரி எங்க வேணாலும் வளைவார். அந்த 74 கச்சேரிய நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுனா "வாய்ஸ் ஏன் இப்படி இருக்கு?"ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுறாங்க. செலவு தாங்காம அந்தச் சுவரே அந்த அக்டோபரோட போச்சு, பேண்டும் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் டூர நிறுத்திடுச்சு.

1972 ஆகஸ்ட் 27, ஓரிகான்ல வெனீட்டா, ஒரு பால்பண்ணைக்கு நிதி திரட்ட வெட்டவெளில நடந்த கச்சேரி அதுக்கு ஒரு உதாரணம். வெயில் கிட்டத்தட்ட 38 டிகிரி, நம்மளுக்கு அது சாதாரண மே மாசம், அவங்களுக்கு அக்கினி நட்சத்திரம். சூட்டுல கிட்டார் சுருதி நிக்கவே இல்ல, பாட்டுக்குப் பாட்டு முறுக்கிட்டே இருந்தாங்க, படம் புடிச்சதுல மேடைக்குப் பின்னாடி ஒரு கம்பத்து உச்சியில துணியில்லாம ஒருத்தன் ஆடிட்டு இருக்கான். அன்னிக்கு வாசிச்ச டார்க் ஸ்டார் அரை மணி நேரத்துக்கும் மேல, கார்னெல்ல இருக்குற எதையும் அது தூக்கிச் சாப்பிடும்.

1969ல நடந்த வுட்ஸ்டாக் இசைத் திருவிழா பத்தியும் கேப்பீங்க. மழை, மேடைல தண்ணி, எர்த்திங் சரியில்ல, கிட்டாரத் தொட்டா ஷாக். சொதப்புனாங்க, அவங்களே ஒத்துக்கிட்டாங்க, 1970ல வந்த அந்தத் திருவிழாப் படத்துலயும் அவங்க வாசிப்பு இல்ல. விடுங்க.

80கள் பாவப்பட்ட காலம். ப்ரென்ட் மிட்லாண்ட் 1979ல கீபோர்டுக்கு வந்து ஹேமண்ட் ஆர்கனப் போட்டுப் புரட்டி எடுத்தார், குரலும் சாராயத்துல ஊறுன மாதிரி. ஆனா பெட்டி மாதிரி பதிய ஆள் இல்ல, சவுண்ட்போர்டெல்லாம் கேசட்டுல, ஈரமே இல்லாத வறட்டுச் சத்தம், அதனால அந்தக் காலத்துக்கு கூட்டத்துல மைக் வெச்சுப் பதிஞ்ச ஆடியன்ஸ் டேப்தான் நான் தேடுவேன். கூட்டம் கத்தும், பக்கத்துல நிக்கிறவன் கூடவே சுருதி சேராம பாடுவான், ஆனா அந்த ஹால்லயே நிக்கிற மாதிரி ஒரு காத்து இருக்கும். 1990 மார்ச் 29 நாசாவ் கொலீசியத்துல பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் சாக்ஸபோனோட வந்து 'பேர்ட் சாங்'ல சேந்துக்கிட்டது நல்லாப் பதிவாகியிருக்கு, அதுக்கு மட்டும் ஊரே கை தட்டுது. அதே மிட்லாண்டோட பத்து வருஷ வேலைய ஒரு வரியில தாண்டிப் போறாங்க. அந்த ஜூலைல அவர் இறந்துட்டார். அதுக்கு அப்புறம் 94, 95ல நிறைய ராத்திரி கேக்கவே சங்கடம், கார்சியாவுக்கு வரி மறந்து போகும், விரல் தடுமாறும். ஆனா 1995 ஜூலை 9, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டுல கடைசிக் கச்சேரி, 'சோ மெனி ரோட்ஸ்' முடிவுல அந்த உடைஞ்ச குரல வெச்சுக்கிட்டு அவர் கத்துறது, அத நான் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல கேக்கறதில்ல.

1978ல இருந்து ரெண்டாவது பாதி நடுவுல டிரம்ஸ் நிரந்தரமாயிடுச்சு, மத்தவங்க இறங்கிடுவாங்க, ரெண்டு டிரம்மரும் மட்டும். தனி ஆவர்த்தனத்துக்கு சபா கேன்டீன் பக்கம் கூட்டம் நகருமே, அதே கதிதான் அங்கயும், பாத்ரூம் வரிசை. டேப்பர்களும் அப்பத்தான் கேசட்டத் திருப்புவாங்கன்னு சொன்னேன்ல, அதனால அந்த வாசிப்புல எவ்வளவோ வெட்டுப்பட்டுப் போச்சு. மிக்கி ஹார்ட் சும்மா ஆளு இல்ல, உஸ்தாத் அல்லா ரக்காகிட்ட தாளக் கணக்குப் படிச்சவர், அவர் மகன் ஜாகிர் உசேனோட பல வருஷம் சேந்து வேலை பாத்தவர். 1991ல ஹார்ட் பண்ண 'பிளானட் டிரம்' ஆல்பத்துல நம்ம விக்கு விநாயக்ராம் கடம் வாசிச்சிருக்கார், வேர்ல்டு மியூசிக் ஆல்பத்துக்குன்னு முதன்முதலா குடுத்த கிராமி அதுக்குத்தான் போச்சு. கடத்தக் கேட்டுப் பழகுன காதுக்கு டெட் டிரம்ஸ் புரியும், முன்னோட்டி விடாதீங்க.

கேக்க ஆரம்பிக்கணும்னா கார்னெல்லயே ஆரம்பிங்க, தப்பில்ல, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். மொத்தக் கச்சேரியும் கிட்டத்தட்ட மூணு மணி நேரம். அது முடிஞ்ச கையோட மே 9 போடுங்க, முதல் 20 நிமிஷம் பேசாம கேளுங்க, அப்புறம் வந்து சண்டை போடுங்க.